பக்கத்து வீட்டு சோபா

ஐப்பசி ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். இரவு மழை பெய்திருந்ததால் செடிகளுக்குத் தண்ணீர் விடவில்லை. தோசைக்குத் தேங்காய்த் துவையல் அரைத்தேன். சுசீந்திரத்தில் வழக்கமான பஸ்ஸைப் பிடித்து நாகர்கோவிலில் இறங்கி, அலுவலகத்தைத் திறந்து, மேசையைத் துடைத்தேன். வேனில் ஏற்ற வேண்டிய பஞ்சு, மருந்து, கையுறை எல்லாவற்றையும் சரிபார்த்தேன். அதுவரை அது மற்ற நாட்களைப் போன்ற நாள்தான்.

அப்போது நான் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் அலுவலகப் பொறுப்பில் இருந்தேன். படுக்கையில் விழுந்துவிட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. ஒரு வேன், அதற்கு ஓர் ஓட்டுநர், மண்டைக்காட்டுப் பக்கத்திலிருந்து வரும் நர்ஸ் அக்கா. செலவை ஐரோப்பாவிலுள்ள ஓர் அறக்கட்டளை ஏற்றிருந்தது. அன்று அதன் மதிப்பீட்டாளர் வந்தார். அவர் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் அடுத்த ஆண்டு நிதி வருமா வராதா என்று முடிவாகும். வராவிட்டால் வேன் நின்றுவிடும்.

மனிதர் மென்மையானவர். யாரைப் பார்த்தாலும் கைகூப்பினார். இருந்தும் எனக்கு அவர்மேல் தொடக்கத்திலிருந்தே சந்தேகம். முட்டம் போகும் வழியெல்லாம், வளைகுடாப் பணத்தில் எழும்பிய மாடி வீடுகளைக் வேன் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்துக்கொண்டே வந்தார். அவற்றில் சிலவற்றில் வயதானவர் ஒருவர் மட்டும் கட்டிலில் கிடக்கிறார், பிள்ளைகள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினார், வீட்டுக்குள்ளே போக வேண்டும் என்று கேட்கவில்லை. நாடுகளைத் தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்திருக்கும் பட்டியலைப் பற்றிச் சொன்னார். மொத்த வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பார்களாம். பள்ளிக்குப் போன ஆண்டுகளையும், ஆயுளையும், வீட்டிலுள்ள பொருட்களையும் சேர்த்துப் பார்ப்பார்களாம். அதன்படி உங்கள் நாடு ஒரு படி ஏறிவிட்டது, உங்கள் மாவட்டமோ அதற்கும் மேலே நிற்கிறது என்றார். பாராட்டுகிறாரா, கணக்கை முடிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

முட்டத்தில் நாங்கள் போனது பக்கவாதத்தில் விழுந்த ஓர் அம்மாவின் வீடு. முதுகில் படுக்கைப் புண். வேன் வாரம் இருமுறை போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டும். கணவர் மீன்பிடித் தொழிலாளி, இடையில் சில ஆண்டுகள் வளைகுடாவில் இருந்து வந்தவர். அந்த வீட்டில் ஒரு கட்டிலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும்தான் உண்டு என்பது எங்களுக்குத் தெரியும். அன்று உள்ளே நுழைந்தால் கறுப்பு நிறத்தில் பெரிய சோபா. அதன் முன்னால் கண்ணாடி மேசை. மூலையில் உயரமான மின்விசிறி. அம்மாவின் கழுத்தில் யாருடையதோ தெரியவில்லை, ஒரு தங்கச் சங்கிலி.

நர்ஸ் அக்கா என் காதருகில் குனிந்தார். "பக்கத்து வீட்டு சோபா பிள்ளே. வேலிய அவுத்துல்லா கொண்டு வந்திருக்கு."

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. பெண் பார்க்க வந்தாலும், வெளியூர் விருந்தாளி வந்தாலும், நாற்காலியும் தட்டும் வேலி தாண்டி வரும், பிறகு திரும்பிப் போகும். யாரும் அதைப் பேசுவதில்லை. மதிப்பீட்டாளரோ சோபாவில் அமர்ந்தபடியே அறையைச் சுற்றிப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல், இவையெல்லாம் இந்த வீட்டுப் பொருட்கள் அல்ல, இரவல் வாங்கியவை என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

தேநீர்க் கோப்பையுடன் வந்த வீட்டுக்காரரின் முகம் மாறியது. வளைகுடாவில் கற்ற ஆங்கிலத்தில், எல்லாம் எங்களுடையதுதான் சார் என்று மதிப்பீட்டாளரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வெளிநாட்டுலேந்து வந்த மனுசன நான் தரையிலயா இருத்த முடியும்? எங்களுக்கும் மானம் உண்டும் கேட்டியளா."

வேனின் கதி இந்த வருகையில் தொங்குகிறது என்று வீட்டுக்காரரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நோயாளி வீடுகளில் பணக் கவலையைப் பேசக் கூடாது என்பது நர்ஸ் அக்கா வைத்த விதி.

திரும்பும்போது மதிப்பீட்டாளர் கோபப்படவில்லை. முந்தைய பயணத்தில் பார்த்த ஒரு நாட்டைப் பற்றிச் சொன்னார். இவர் வருவது தெரிந்ததும் அங்கே டிவியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் ஒளித்துவைத்தார்களாம். "நீங்களோ இருப்பதையெல்லாம் பக்கத்து வீட்டுடையது என்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். உங்களைக் குறை சொல்லவில்லை" என்று சிரித்தார். நிதி பெரும்பாலும் அந்த நாட்டுக்குத்தான் போகும், அங்கே கிராமங்களில் நர்ஸ் என்று ஒருவரே இல்லை என்றார்.

நர்ஸ் அக்காவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அங்கயும் ஒருத்தி இப்பிடித்தான் படுத்துக் கெடப்பா, இல்லியா? அவளுக்குக் குடுக்காதேன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?" என்றார். அந்த நிமிடம் அவர்மீதும் எனக்குச் சந்தேகம் வந்தது. இவர் யார் பக்கம் என்று நினைத்தேன்.

இன்று யோசித்தால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் என் சந்தேகம் மட்டும் தீரவில்லை. இன்ன நாடு இத்தனையாம் இடத்துக்கு ஏறியது, இன்னது இறங்கியது என்று செய்தி வரும்போதெல்லாம், கணக்கெடுக்கப் போனவருக்கு எந்த வீட்டில் எந்த நாற்காலியைப் போட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. மானத்துக்காக இரவல் வாங்குகிறவர்களையும் பிழைப்புக்காக ஒளிக்கிறவர்களையும் ஒரே அட்டவணையில் எழுதிவிட்டு, இவர் மேலே, அவர் கீழே என்றால் நான் உடனே நம்பிவிடுவதில்லை. அந்த மனிதர் பொய் எழுதினார் என்றும் சொல்ல மாட்டேன். கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருப்பார்.

மறுநாள் புதன்கிழமை அந்த வீட்டின் முறையே அல்ல. ஆனாலும் நர்ஸ் அக்கா வேனை முதலில் முட்டத்துக்கு விடச் சொன்னார். நானும் கூடப் போனேன். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் அவரிடம் மட்டும், "நேத்து வந்தவரு என்ன சொன்னாவ சிஸ்டர்? திருப்திதானே?" என்று கேட்டார்.

அக்கா பெட்டியைத் திறந்தார், ஒரு ஜோடி கையுறையை எடுத்தார்.

"சோப்புப் போட்டுக் கைய நல்லா கழுவிட்டு வாருங்கோ அண்ணே. இன்னைக்கு நீங்கதான் புண்ணக் கட்டப் போறிய. நான் பக்கத்துல இருந்து சொல்லித் தாறேன்."