எரிந்துகொண்டே கெட்டுப்போன ஹீட்டர்

எவ்வளவு அவசரப்படுத்தினாலும், சட்டையில் பெட்டியை வைக்கும் முன் ஒரு கந்தல் துணியில் ஓட்டிப் பார்த்துவிடுவார் இஸ்திரிக்கார அக்கா. "சொன்ன பேச்சு கேக்கறவரைக்கும்தான் இது பெட்டி. அப்புறம் கொள்ளி." ஒருமுறை பெட்டியின் சூடு எகிறி ஒருவருடைய புதுச் சட்டை கருகியது. மறுபேச்சில்லாமல் வேறு வாங்கிக் கொடுத்தார்.

கடைக்குள் ஓர் அலமாரிமேல் அவருடைய மீன்தொட்டி. நிறையக் கப்பி மீன்கள், ஒரு கறுப்பு மோலி மீன். மோலிக்குப் பெயர் மேனேஜர். யாரையும் சும்மா இருக்க விடாதாம். குளிருக்காகத் தொட்டித் தண்ணீருக்குள் வாங்கிப் போட்ட ஹீட்டர், போன மாதம் ஓர் இரவு அணையவே இல்லை. காலையில் கடையைத் திறந்தால் தொட்டிக் கண்ணாடி சுட்டது. கப்பிகள் வெளுத்து மிதந்தன. மேனேஜர் மட்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பச்சைத் தண்ணீரைக் குவளை குவளையாய்ப் பொறுமையாக ஊற்றி அதைக் காப்பாற்றினார்.

பிறகுதான் பொறுமை போயிற்று. ஹீட்டரோடு, அதை வாங்கிய வளர்ப்பு மீன் கடைக்குப் போனார்.

"கப்பிதானேக்கா, வேற எடுத்துக்குங்க. ஒசந்த ரகமா வாங்கியிருந்தா இப்படி ஆகியிருக்காது" என்றார் கடைக்காரர்.

அக்கா ஒரு ஜாடித் தண்ணீர் கேட்டு, ஹீட்டரை அதில் நிறுத்தி, பிளக்கை மாட்டி, சூட்டுத் திருகைக் கடைசிவரை குறைத்து வைத்தார். சற்று நேரத்தில் ஆவி கிளம்பியது.

"விரலை விட்டுப் பாருங்க."

கடைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கெட்டா அணைஞ்சு கெட்டுப்போகணும். எரிஞ்சுக்கிட்டே கெட்டுப்போறது என்ன பொருள்? நான் சட்டையைக் கருக்கினா சட்டை வாங்கித் தரேன். நீங்க உசிரை வேகவெச்சுட்டு ஒசந்த ரகம் விக்கிறீங்க. சரி, அந்த ஒசந்த ரகம் இப்படி அணையாம மாட்டிக்காதா?"

"மெஷின்தானேக்கா, எப்படிச் சொல்ல முடியும்?"

"அதை விக்கும்போது சொல்றதுக்கென்ன?"

இப்போது தொட்டியில் பெரிய ஹீட்டர் இல்லை. இரண்டு குட்டி ஹீட்டர்கள். "ஒண்ணுக்குப் பைத்தியம் பிடிச்சாலும் தனியா தொட்டியை வேகவைக்க முடியாது." இரண்டுமே ஒரு சிறு டப்பா வழியாகத்தான் மின்சாரம் வாங்குகின்றன. டப்பாவிலிருந்து ஓர் ஒயர் தண்ணீருக்குள் இறங்குகிறது. சூடு அளவு மீறினால் டப்பா மின்சாரத்தை வெட்டிவிடும். எல்லாம் சேர்த்தும் ஒசந்த ரகத்தின் பாதி விலைதான். டப்பா அதே கடையில், வலைகளுக்குப் பின்னால் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு ஆறவில்லை.

நேற்று தீனி வாங்கப் போனபோது, கைக்குழந்தையோடு ஒரு பெண் அதே பெரிய ஹீட்டரைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அக்கா அதை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கி அலமாரியில் திருப்பி வைத்தார். வலைகளை ஒதுக்கி ஒரு டப்பாவை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்து, அவள் கையில் வைத்தார்.