எட்டுத் தந்தி வேண்டுமா?

இந்தக் கதையை என் கணவர் சொன்னால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். நான் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. எனக்கு அப்படி முடிக்க வராது.

தஞ்சாவூர் ஜில்லா பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளி. ஐந்து வருடங்களுக்கு முன்பு, பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வசதியாக இருக்குமே என்று ஒரு யுகுலேலே வாங்கினேன். கிட்டாரின் ஜாடையில் சின்னதாக, நான்கு தந்தியோடு இருக்கும். பிள்ளைகளுக்கு அது 'குட்டி கிட்டார்'. போனில் வீடியோ பார்த்துத்தான் பழகினேன். ஆறேழு பாட்டு தேறியது. மழையைப் பற்றி நானே ஒரு பாட்டும் கட்டினேன். தினமும் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து வாசிப்பேன். எதிரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பார். முடித்ததும் "நல்லா இருக்கு" என்பார். எனக்கும் தலை லேசாகக் கனத்துத்தான் போயிருந்தது.

போன வருடம் ஒரு வீடியோவில் எட்டுத் தந்தி யுகுலேலேயைப் பார்த்தேன். தந்தி போகும் இடம் அதே நான்குதான். ஒவ்வோர் இடத்திலும் ஒட்டி ஒட்டி இரண்டு தந்தி. சில ஜோடியில் ஒன்று மெலிசு, ஒன்று தடிப்பு. ஒரே விரலால் இரண்டையும் சேர்த்து அமுக்க வேண்டும். தட்டினால் வீடு நிறையச் சத்தம். பார்த்த நிமிடமே ஆசை பிடித்துக்கொண்டது.

அவரிடம் சொன்னேன். அவருக்குப் பத்து மா நிலம், மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். அதற்கு முன்பு இருபது வருடம் அறுவடை மிஷின் ஓட்டியவர். நீடாமங்கலம், நன்னிலம் பக்கம் அவர் மிஷின் இறங்காத வயல் குறைவு. எதைக் கேட்டாலும் பதில் வயலிலிருந்துதான் வரும்.

"ஒத்தக் கம்பியே போதும். குத்துக்கு ஒரு நாத்து வச்சாதான் தூர் கட்டும். ரெண்டு வச்சா ஒண்ண ஒண்ணு நெருக்கிக்கிட்டு ரெண்டுமே சவலையா நிக்கும்."

குத்து என்பது நடவில் ஓரிடத்தில் ஊன்றுவது, தூர் என்பது அது கிளைத்துப் பெருகுவது. எனக்கும் அது தெரியும் என்பதை அவர் மறந்துவிட்டார்.

"அப்ப இந்த சம்பாவுக்கு மட்டும் குத்துக்கு ரெண்டு வைக்கச் சொன்னீங்களே, ஏங்க?"

"போன வருசம் தண்ணி நின்னு ஒத்த நாத்தெல்லாம் அழுகிப் போச்சுல்ல. ரெண்டா இருந்தா ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நானும் அதைத்தாங்க சொல்றேன்."

பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். தோற்றுவிட்டால் அவர் செய்வது அது. ஆனாலும் வாங்கலாம் என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. காசுக்குப் பார்க்கிறவர் இல்லை. ஏன் இப்படி அடம் பிடிக்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புரிந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது. எழுப்ப வேண்டாமே என்று, தந்தியைத் தட்டாமல் விரலை மட்டும் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தேன். கடைசி வரைக்கும் ஓட்டிவிட்டுக் கையை எடுத்தேன்.

"நல்லா இருக்கு" என்றார் அவர்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் தட்டவே இல்லீங்க" என்றேன்.

அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். நான்கு வருடமாகக் கை எப்போது நிற்கிறது என்று பார்த்துவிட்டு அதைச் சொல்லியிருக்கிறார்! அப்புறம்தான் உறைத்தது. ஒன்றுமே கேட்காமல், தினமும் வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறார். நான் அழுதுவிட்டேன்.

"பேசுறது கேக்குது. உன் கம்பிப் பெட்டிதான் கேக்க மாட்டேங்குது" என்றார். எனக்குத் தெரியாமல் தஞ்சாவூரில் காது டாக்டரையும் பார்த்திருக்கிறார். மிஷின் இரைச்சலில் மெல்லிய ஓசைகள் போய்விட்டன, காதுக்குக் கருவி வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்தாராம் டாக்டர். "மிஷின்ல போன காதுக்கு இன்னொரு மிஷினா?" என்று சீட்டை மடித்து பீரோவில் வைத்துவிட்டார் இவர்.

அதற்குப் பிறகு எட்டுத் தந்தி என் ஆசைக்கானதாக இல்லை. அந்தச் சத்தமாவது இவருக்குக் கேட்குமா, அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டும். அவரோ முன்னைவிட அதிகமாக வேண்டாம் வேண்டாம் என்றார். ஒரு சனிக்கிழமை காலையில் வம்படியாகத் தஞ்சாவூருக்கு பஸ் ஏற்றினேன். அய்யம்பேட்டை தாண்டும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அதுவும் கேக்கலன்னா?" என்றார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் அப்படியெல்லாம் பிடிக்கிற ஆள் இல்லை நான்.

வாத்தியக் கடையில் எட்டுத் தந்தி ஒன்றே ஒன்று இருந்தது. கடைக்காரர் சுருதி சேர்க்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். "நாலு கம்பின்னா அப்பவே முடிஞ்சிருக்கும்மா. இதுல ஒவ்வொரு ஜோடியும் ஒத்துப்போகணும். ஒண்ணு லேசா பிசகுனாலும் சண்டை போடுற மாதிரி கேக்கும்" என்றார். எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

வாங்கிப் பிடித்தேன். விரல் நுனியில் இரண்டு தந்தியும் சேர்ந்து வெட்டின. என் மழைப் பாட்டையே எடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் குனிந்துகொண்டே வாசித்தேன். பாதி தாண்டியிருக்கும்.

"நிறுத்து, நிறுத்து" என்றார்.

கை அப்படியே நின்றது. கேட்கவில்லை போலிருக்கிறது, போதும் என்கிறார் என்று நினைத்தேன்.

"நடுவுல ஏன் அப்படி ஓடுற?"

"எங்கங்க?"

அவர் பாடிக் காட்டினார். இருபது வருடக் குடித்தனத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை, கேட்காமலே இருந்திருக்கலாம். ஆனால் இடம் சரியான இடம். "இந்த எடத்துல. கட்டுத்தறிய விட்டு மாடு அவுத்துக்கிட்டு ஓடுன மாதிரி ஓடுற."

"நாலு வருசமா அப்படித்தாங்க வாசிக்கிறேன்!"

"எனக்கு இன்னைக்குத்தானே தெரியுது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. என் வாசிப்பை ஒருவர் குறை சொல்லி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒன்றும் புரியாத கடைக்காரர், "பழகப் பழக சரியாயிடும்மா" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

"அண்ணே, பில்லப் போடுங்க" என்றார் இவர். பிறகு என்னிடம், "நீ மொதல்லேருந்து வாசி, பாப்போம்" என்றார். சொல்லிவிட்டு, அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்து, என் கை கண்ணில் படாதபடி எனக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்க்க உட்கார்ந்துகொண்டார்.