முதலில் உயரம், பிறகு அகலம்

என் மகள் விழித்திருக்கும்போது அவளைப் பார்ப்பதற்காகத்தான் நான் தக்காளி வேலைக்கு ஒப்புக்கொண்டேன். அலுவலகத்தில் இதை இப்படிச் சொல்லவில்லை. "எங்க ஊர்ப் பக்கம்தானே, எனக்கு எல்லாம் அத்துப்படி, நான் பாத்துக்கறேன்" என்று மார்தட்டினேன். தக்காளியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ரசத்துக்கு எத்தனை போடுவது என்பது மட்டும்தான். அதிலும் என் கணவருக்குக் கருத்து வேறுபாடு உண்டு.

கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் சொந்த ஊரை இருட்டில்தான் பார்க்கிறார்கள். மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலைப் பிடிக்க நான் வீட்டை விட்டு இறங்கும்போது மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஆறு வயது. முதல் பல் விழுந்ததை என் கணவர் கைப்பேசியில் படமாக அனுப்பியபோதுதான் தெரிந்துகொண்டேன். அன்று பங்காருப்பேட்டை வரும்வரை ரயிலில் அழுதேன். பக்கத்து இருக்கைப் பெண்மணி யாரோ இறந்துவிட்டதாக நினைத்து என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். பல் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

எங்கள் நிறுவனம் தக்காளியைத் தரம் பிரிக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தது. முதல் சோதனைக்கு எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தக்காளி வியாபாரி தன் கொட்டகையில் ஒரே ஒரு நாள் இடம் கொடுக்கச் சம்மதித்திருந்தார். மேலாளர் என்னைவிட இளையவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "அன்னிக்கு நல்லா ஓடிட்டா, நீங்க அங்கேயே இருந்து அதைப் பாத்துக்கலாம். டெய்லி பெங்களூர் வர வேண்டாம்" என்றார். ஓடாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ரயில்தான், வேறென்ன.

இயந்திரம் எளிமையானது. பெல்ட்டில் தக்காளி வரும், மேலே இருக்கும் கேமரா படம் எடுக்கும். அது பழமா, செங்காயா, கழிவா என்று முடிவு செய்யும் நிரலை சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதியவர் எங்கள் மூத்த சக ஊழியர். அந்த வகை நிரலை முன்கூட்டியே இயந்திர மொழிக்கு மாற்றி வைத்துவிடுவார்கள். மின்னல் வேகத்தில் ஓடும், ஆனால் எதையும் திருப்பிக் கேட்காது. கேமராவிலிருந்து படத்தை வாங்கி அந்த நிரலிடம் சேர்ப்பது என் வேலை. அதை நான் பைத்தானில் எழுதினேன். பைத்தான் சாவகாசமான மொழி, எழுதுவது சுலபம். சுருக்கமாகச் சொன்னால் நான் தபால்காரி. வெளியில் கேட்பவர்களிடம் மட்டும் "ஒருங்கிணைப்பு" என்பேன்.

கணினிக்குப் படம் என்பது ஒரே நீளமான எண் வரிசை. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தால் நேரம் ஆகும். அதனால் அது நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் கொடுப்போம். கூடவே அதன் உயரம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று இரண்டு அளவுகளையும் சொல்வோம். அந்த நீள வரிசையை எந்த இடத்தில் மடித்து அடுத்த வரிக்குப் போவது என்பது அந்த நிரலுக்கு இந்த அளவுகளை வைத்துத்தான் தெரியும். கட்டம் போட்ட துணியைத் தப்பான இடத்தில் மடித்தால் ஒரு கட்டமும் இன்னொன்றோடு சேராது அல்லவா, அது மாதிரிதான்.

பைத்தானில் படத்தின் அளவைக் கேட்டால் முதலில் உயரத்தைச் சொல்லும், பிறகுதான் அகலம். வரிகளையும் மேலிருந்து கீழாக எண்ணும். இதை முதன்முதலில் கற்றபோது எனக்குப் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடி இவ்வளவு வருஷமாகியும், எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆழத்தைத்தான் முதலில் சொல்வார். "கண்ணாடி எங்கப்பா?" என்றால், "பீரோல மேலேர்ந்து மூணாவது லெவல்மா, இடது பக்கம் கடைசியில கீது" என்பார். சுரங்கத்தில் ஆழத்துத் தளங்களை லெவல் என்பார்கள்; எங்கள் வீட்டில் பீரோவுக்கும் லெவல்தான், ஃபிரிட்ஜுக்கும் லெவல்தான். பள்ளியில் வரைபடத் தாளில் புள்ளி வைக்கச் சொன்னால், நான் முதலில் இறங்கிவிட்டு அப்புறம்தான் பக்கவாட்டில் போவேன். அதற்காகக் கையை நீட்டச் சொல்லி அடித்திருக்கிறார்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு கூட்டத்தில் அந்தச் சக ஊழியர், தன் நிரல் முதலில் அகலத்தையும் பிறகு உயரத்தையும்தான் வாங்கும் என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் நீளம். "எங்க ஊர்ல ஆழத்தைத்தான் சார் முதல்ல சொல்வோம். எந்த லெவல்னு தெரியாம பக்கத்துல போனா ஆள் திரும்பி வர மாட்டான்" என்று ஒரு பிரசங்கம் செய்தேன். எல்லோரும் சிரித்தார்கள், ஒருவர் கைகூடத் தட்டினார். சக ஊழியரும் சிரித்துவிட்டு, "சரி மேடம், ஆனா என்னோடது மாத்திதான் வாங்கும், பாத்துக்குங்க" என்றார். கைதட்டலை ரசிக்கும் மும்முரத்தில் அந்தக் கடைசி வாக்கியம் என் காதோடு நின்றுவிட்டது.

சோதித்துப் பார்க்காமல் விட்டேன் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் பை பையாகத் தக்காளி வாங்கினேன். சமையலறைத் தரையில் கறுப்புத் துணி விரித்து, அதில் அடுக்கி, கைப்பேசியில் படம் எடுத்து நிரலுக்குக் கொடுத்தேன். பழத்தைப் பழம் என்றது, செங்காயைச் செங்காய் என்றது. நான் ஆடாத குறை. அந்த வாரம் முழுவதும் தக்காளி ரசம், தக்காளித் தொக்கு, தக்காளி சாதம். "இன்னாம்மா, உன் டெஸ்ட்டு எப்ப முடியும்? வயிறு எரியுது" என்று அப்பா கெஞ்சினார்.

என் கைப்பேசியில் படங்கள் எப்போதும் சதுரமாகத்தான் விழும். ஸ்டேட்டஸில் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று நானே அப்படி மாற்றி வைத்திருந்தேன். சதுரத்தில் உயரமும் அகலமும் ஒன்றுதான். மாற்றிச் சொன்னாலும் தப்பு வெளியே தெரியாது.

சோதனை நாளான சனிக்கிழமையன்று மேலாளர் பெங்களூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். கொட்டகையில் பிளாஸ்டிக் பெட்டிகளில், கிரேட் கிரேட்டாகத் தக்காளி அடுக்கியிருந்தது. வழக்கமாகக் கையால் தரம் பிரிக்கும் பெண்கள், வேடிக்கை பார்க்கச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒரு சின்ன உரையாற்றிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். முதல் தக்காளி நன்றாகப் பழுத்த உருண்டை. இயந்திரம் அதைக் கழிவில் தள்ளியது. இரண்டாவதையும் தள்ளியது. அதற்குப் பிறகு வந்த ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. தயக்கமே இல்லாமல், என்னை மாதிரியே தன்னம்பிக்கையோடு தள்ளியது.

வியாபாரி கழிவுக் கிரேட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, வேட்டியில் துடைத்து, கடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தானே கீது. ஏம்மா, உன் மிஷினுக்குத் தக்காளியே ஆகாதா?"

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி, "எங்க வேலை போயிடும்னு நெனச்சோம்க்கா. நீ நல்லா இருக்கணும்" என்று என்னை வாழ்த்தினாள்.

நான் வெளிச்சத்தைத் திட்டினேன். கேமராவைத் துடைத்தேன். கரண்ட் ஏறி இறங்குவதாகச் சொன்னேன். கடைசியில் சக ஊழியருக்குப் போன் போட்டு, எடுத்த எடுப்பிலேயே, "சார், உங்க கோட்ல ஏதோ கோளாறு" என்றேன்.

"எனக்கு வர்ற படத்தை ஒரு தடவை சேவ் பண்ணிப் பாருங்க மேடம்."

"நான் அனுப்பறது நல்லாத்தான் சார் இருக்கு."

"நீங்க அனுப்பறது இல்ல மேடம். எனக்கு வந்து சேர்றது."

கோபமாக வந்தது, போனை வைத்துவிட்டேன். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் கேமராவைத் துடைத்தேன். மேலாளர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். சாயங்காலம் லோடு கிளம்ப வேண்டும் என்று வியாபாரி பெண்களைக் கைவேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். திங்கட்கிழமைக் காலை அலாரம் அடிப்பதும், இருட்டில் செருப்பைத் தேடுவதும், தூங்கும் மகளின் நெற்றியைத் தொட்டுவிட்டு ஓடுவதும் கண்முன் வந்தன. வேறு வழியில்லாமல் சக ஊழியர் சொன்னதைச் செய்தேன்.

திறந்து பார்த்தால் படத்தில் தக்காளியே இல்லை. சிவப்பும் கறுப்புமாகச் சாய்ந்த கோடுகள்தான், பாயைப் பிரித்துப் போட்டதுபோல். அந்தக் கேமரா எடுப்பது அகன்ற படம், சதுரமில்லை. பார்த்த நொடியே புரிந்துவிட்டது. பீரோ, மூணாவது லெவல், இடது பக்கம் கடைசி. நிரல் நின்றுபோயிருந்தாலாவது ஏதோ தப்பு என்று தெரிந்திருக்கும். உயரத்தையும் அகலத்தையும் எப்படி மாற்றிப் பெருக்கினாலும் எண்ணிக்கை ஒன்றுதானே, அதனால் கணினி வாயே திறக்கவில்லை. ஒரே வரியில் இரண்டு சொற்களை இடம் மாற்றினேன். பாதி நாளைத் தின்ற வேலை, ஒரு வாய் டீ குடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

மேலாளரிடம் "சின்ன செட்டிங்ஸ்தான்" என்றேன். சக ஊழியரிடம் அது பலிக்கவில்லை.

"லெவலா மேடம்?" என்றார்.

"ஆமா சார்."

அவர் சிரித்து முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன். அந்த மரியாதையாவது செய்ய வேண்டும் அல்லவா.

அதன் பிறகு இயந்திரம் சாயங்காலம்வரை ஒழுங்காக ஓடியது. என்னை வாழ்த்திய பெண் இப்போது சிரிக்கவில்லை. சீசனில் லோடு குவியும்போது மட்டும்தான் மிஷின் என்று வியாபாரி அவளிடம் சொன்னார். அது எவ்வளவு உண்மையோ எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்க்காமல் கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். மேலாளர் கிளம்பும்போது, "இந்த சீசன் முழுக்க இங்கேயே இருங்க" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. தக்காளித் தூசி என்று சமாளித்தேன். தக்காளியில் ஏது தூசி?

வீட்டுக்கு வந்து, எல்லாவற்றுக்கும் அவர்தான் காரணம் என்று அப்பாவிடம் சண்டை போட்டேன்.

"நான் பீரோக்குத்தானே சொன்னேன்? நீ ஏன் அத மிஷினுக்குச் சொன்னே?" என்றார்.

திங்கட்கிழமை வந்தது. ரயில் இல்லை என்று தெரிந்தும் பழக்கதோஷத்தில் இருட்டிலேயே விழித்துவிட்டேன். மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எப்போது கண் திறப்பாள் என்று காத்திருந்தேன். கணவர் அவளுடைய யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக, சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டின் மேல் வெயில் ஏறுவது தெரிந்தது. ஒரு வழியாக அவள் கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் பல் போன இடம் தெரியச் சிரித்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், உடனே மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எழுந்திரு கண்ணு. ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"போம்மா. இன்னிக்கு சண்டே."

"திங்கக்கெழமைடா."

"நீ வீட்ல கீற இல்ல? அப்ப சண்டேதான்."

கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சதுரப் படங்களை மட்டுமே வைத்துச் சோதித்தது போலத்தான் அவளும். அவள் கண்ட காலைகளில் நான் வீட்டிலிருந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகள். அவள் கணக்கு இதுவரை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

"ஆமா, சண்டேதான்" என்று சொல்லிவிட்டு நானும் அவள் போர்வைக்குள் நுழைந்துகொண்டேன்.