மொறட்டுவைப் பாலத்தில் கழற்றிய பொட்டு

வாழையிலையில் கட்டிய பிட்டு மத்தியான வெயிலில் புழுங்கத் தொடங்கும்போது ஒரு மணம் வரும். பழைய மொறிஸ் மைனர் காரின் பெற்றோல் மணமும், சூடேறிய றெக்சின் சீற்றின் மணமும், நான் வாந்தி எடுத்துவிடுவேன் என்ற பயத்தில் அம்மா மடியில் வைத்திருந்த தேசிக்காயின் மணமும் அதோடு சேர்ந்தால், எனக்கு அதுதான் தென்னிலங்கை. மற்றவர்களுக்கு அது கடலும் தென்னையும் கோட்டையும். என்னுடைய தேசப்படம் மூக்கால் வரையப்பட்டது. ஒருவேளை அதனால்தான் அதை வைத்து நான் இன்றுவரை எங்கும் போய்ச் சேரவில்லை.

அப்பாவுக்கு ஒரு காப்புறுதிக் கம்பனியில் அடிபட்ட வாகனங்களைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் வேலை. நெளிந்து கிடக்கும் லொறியைச் சுற்றி நடந்து, தலையைச் சரித்துப் பார்த்து, 'திருத்தலாம்' அல்லது 'திருத்த ஏலாது' என்று சொல்வார். வீட்டு விஷயத்திலோ நாட்டு விஷயத்திலோ அவர் இரண்டாவதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் எங்கள் தளபாடங்களைத் தெருவில் போட்டு எரித்த பிறகு, சாம்பலுக்குள் நின்று மேசைக்கால் ஒன்றைத் தூக்கிப் பார்த்து அதையும் 'திருத்தலாம்' என்றாராம். அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு முடியுமுன் எழுந்து குசினிக்குள் போய்விடுவார்.

அதற்குப் பல வருடங்கள் கழித்து, எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, அம்மாவுக்கு ஒரே கவலைதான் இருந்தது: அண்ணா. அவனுக்குப் பத்தொன்பது. அந்த நாளையில் கொழும்பு வெள்ளவத்தையில் தமிழ்ப் பெடியனாகப் பத்தொன்பது வயதில் இருப்பது சுகமில்லாமல் இருப்பது மாதிரி. வெளியே போனால் வீட்டார் வாசலில் நிற்பார்கள். தமிழரைச் சுற்றிவளைத்துப் பிடிக்கும் 'றவுண்டப்'பில் இரண்டு தடவை பிடிபட்டு, இரண்டு தடவையும் அப்பா பொலிஸ் வாசலில் காத்து நின்று அவனைக் கூட்டி வந்திருந்தார். ரொறன்ரோவில் இருந்த மாமா, முதலில் அம்மாவையும் அண்ணாவையும் எடுப்பிக்கிறேன், மற்ற இரண்டு பேரும் பின்னால் வரலாம் என்று அறிவித்திருந்தார். ஓம் என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி. அதைச் சொல்லவேண்டியவர் அம்மா.

அப்பா சண்டை பிடிக்கவில்லை. சித்திரை விடுமுறைக்குச் சிநேகிதர் ஒருவரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நாலு நாள் தெற்குப் பக்கம் போய் வருவம். நல்லாச் சாப்பிட்டு, நல்ல இடமாப் பார்த்துத் தங்கி, இந்த நாட்டை ஒருக்கால் வடிவாப் பாரும். அதுக்குப் பிறகும் போகத்தான் வேணுமெண்டால் நான் மறிக்கமாட்டன்."

மீன்கறியையும் ஒல்லாந்தர் கோட்டையையும் சாட்சிக்கு அழைத்து ஒரு நாட்டுக்காக வழக்காடிய மனிதரை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை.

மொறட்டுவைப் பாலம் வந்ததும் அம்மா, ஒருவரும் சொல்லாமலே, நெற்றியிலிருந்த ஒட்டுப்பொட்டைக் கழற்றிக் காரின் உட்கண்ணாடி மூலையில் ஒட்டினார். பிறகு திரும்பி என்னுடையதையும் கழற்றி அதன் பக்கத்தில் ஒட்டினார். பாலத்துக்கு அப்பால் எல்லாம் சிங்கள ஊர்கள்; அங்கே எங்கள் குடும்பத்தில் தமிழும் இல்லை. கடைகளில் சிங்களம், மற்ற இடங்களில் ஆங்கிலம். காருக்குள் கண்ணாடிகளை உயர்த்தியிருந்தால் மட்டும் தமிழ். சித்திரை வெயிலில் கண்ணாடியை உயர்த்தினால் வெந்துபோவோம், இறக்கினால் ஊமையாகிவிடுவோம் என்பதால் அந்தக் கார்க் கண்ணாடிகள் நாள் முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

பாணந்துறை தாண்டிய ஒரு கடையில் அப்பா 'அம்புல்தியல்' வாங்கினார். கொறக்காப் புளி போட்டுக் கறுக்கக் கறுக்க வற்றவைத்த மீன். காருக்குள் வந்து கண்ணாடிகளை உயர்த்திவிட்டு அம்மாவுக்கு நீட்டினார்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் பாரும்."

"நீங்கள் சாப்பிடுங்கோ. நான் விடிய எழும்பிப் பிட்டவிச்சது ஆருக்கு?"

அம்பலாங்கொடையிலும் அதே பதில். எதிர்த்தரப்பின் ஒரு கவளத்தைக்கூட அம்மா தொடவில்லை.

காலி நகரத்தில் அப்பா தன் பெரிய சாட்சியை வெளியே எடுத்தார். சீனர்கள் கப்பலில் கொண்டுவந்து நட்ட ஒரு கல். அதில் சீனம், பாரசீகம், தமிழ் மூன்றும் வெட்டப்பட்டிருந்தன. பிற்காலத்தில் யாரோ அதைத் தூக்கி ஒரு வாய்க்காலுக்கு மூடியாகப் போட்டிருந்தார்கள். அந்த வாய்க்காலைக் காட்டத்தான் எங்களை அவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தார். கல் கொழும்பு நூதனசாலையில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்க்கும் தூரத்தில் இருந்தது. எந்த வாய்க்கால் என்பதும் அவருக்கு நிச்சயமில்லை. ஆனாலும் ஏதோ ஒரு வாய்க்காலை நாங்கள் பயபக்தியோடு பார்த்தோம்.

"அறுநூறு வருஷத்துக்கு முன்னமே இஞ்ச தமிழில எழுதி வைச்சிருக்கிறாங்கள்" என்று அப்பா குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எழுதிப்போட்டுக் குப்புறவும் போட்டிருக்கிறாங்கள், அப்பா" என்றான் அண்ணா.

அம்மாவை அசைத்தது அந்தக் கல் அல்ல. பக்கத்துத் தெருவில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. வாசலில் நின்ற முதலாளி எங்களைக் கண்டதும், "வாங்க வாங்க, கொழும்பா? புள்ளக்கிப் பசி போல ஈக்கிது" என்றார். உரத்த குரலில், நடுத்தெருவில், தமிழில். அம்மா அவரைக் கள்ளனைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். பிறகு, "ஓம், வெள்ளவத்தை" என்றார். அன்றைக்கு அம்மா இடியப்பமும் கோழிக்கறியும் சாப்பிட்டு, வட்டிலப்பத்தை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கி, அதற்கு எத்தனை முட்டை என்று விசாரித்து, எண்ணிக்கை கூடிப்போச்சென்று அவரோடு வாதாடினார். காருக்குத் திரும்பியதும் கண்ணாடியிலிருந்து பொட்டை உரித்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார், எனக்கும் ஒட்டினார். அப்பா சீட்டியடித்தபடி காரை எடுத்தார். மாத்தறை வரைக்கும் எல்லாக் கண்ணாடிகளும் இறங்கியே இருந்தன.

தங்காலைப் பக்கம் கடலைப் பார்த்த ஒரு வாடிவீட்டில் தங்கினோம். அகன்ற விறாந்தை, வெள்ளைத் துணி விரித்த மேசைகள். காலையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா கடலைப் பார்த்தபடி, "பெடியன் நல்லா நித்திரை கொண்டான், கவனிச்சனீங்களோ? ஒருக்கால்கூடத் திடுக்கிட்டு எழும்பேல்லை" என்றார். அப்பாவின் முகத்தை அந்தக் கணத்தில் பார்த்தவர்கள், வழக்கு வென்றுவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். நானும் நினைத்தேன்.

பிறகு மண்சட்டியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் வந்தன. அண்ணா கீழே மணலில் நின்றான். அம்மா எழுந்து விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எங்கள் ஒழுங்கையில் கூப்பிடும் அதே குரலில் அண்ணாவைக் கூப்பிட்டார்:

"தம்பீ! ஓடி வா, தயிர் வந்திட்டுது!"

"ஷ்ஷ்" என்றார் அப்பா.

விரல் அவருடைய உதட்டில் இருந்தது. அதை அங்கே வைத்தது அவருக்கே தெரியாது. விறாந்தையில் யாரும் திரும்பியிருக்கவில்லை. திரும்புவதற்கு அவர் நேரமே கொடுக்கவில்லை. அடுத்த மேசையிலிருந்த வயதான சிங்கள மனிதர், தயிர் என்ற சொல் விளங்கியோ விளங்காமலோ, தன்னுடைய பாணிப் போத்தலை எங்கள் பக்கம் தள்ளிவைத்து, "கண்ட, கண்ட" என்று சாப்பிடச் சொல்லிச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். பிறகு உட்கார்ந்து, எடுத்த கரண்டியைச் சட்டிக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் வைத்தார். அந்தத் தயிரை நானும் அண்ணாவும்தான் தின்று முடித்தோம்.

மிச்ச நாட்களை ரத்துச் செய்துவிட்டுத் திரும்பினோம். காலி தாண்டிய பிறகு அம்மா சொன்னார்:

"அந்தச் சனம் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள்தான் சொன்னனீங்கள்."

அப்பா முன்னால் போன லொறியை முந்தினார். 'திருத்தலாம்' என்று சொல்வாரென்று காத்திருந்தேன். அம்மாவின் பொட்டு மறுபடியும் கண்ணாடி மூலைக்குப் போயிருந்தது. மொறட்டுவைப் பாலம் வந்தது, போனது. பொட்டை எடுக்க ஒருவரும் கை நீட்டவில்லை. காரைத் திருப்பிக் கொடுத்தபோதும் அது அங்கேதான் இருந்தது.

அந்த வருடம் முடியுமுன் அம்மாவும் அண்ணாவும் போனார்கள். நானும் அப்பாவும் 'பின்னால்' போகவிருந்தோம். முதலில் என் பரீட்சை, பிறகு அப்பாவின் பென்சன், பிறகு தள்ளுபடியான விசா. இப்படியாகப் பின்னாலேயே நின்றுவிட்டோம். அம்மா செத்தது அங்கே ஒரு பனிக்காலத்தில். சடங்கின் வீடியோ கசெற் தபாலில் வந்தது. அப்பா அதை ஒரு தரம்தான் போட்டுப் பார்த்தார். சவப்பெட்டிக்குள் அம்மாவின் முகம் கிட்டத்தில் வந்தபோது, "பெரிசாப் பொட்டு வைச்சிருக்கினம்" என்றார். அதற்குப் பிறகு அவர் எதையும் திருத்தலாம் என்றோ ஏலாது என்றோ சொல்லிக் கேட்ட ஞாபகம் இல்லை. இப்போது அவரும் இல்லை. வெள்ளவத்தை வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே சேதம் நான்தான். மதிப்பிட ஆளில்லாமல் கிடக்கிறேன்.

போன வருடம் அண்ணா தன் இரண்டு பிள்ளைகளோடு வந்தான். தெற்கே போவோம் என்றான். அதிவேகப் பாதையில் மொறட்டுவைப் பாலமே வருவதில்லை; காலிக்குப் போய்ச் சேர்வதற்குள் பிட்டு ஆறவும் மாட்டாது, நாங்கள் பிட்டுக் கட்டவும் இல்லை. சாப்பாட்டுக் கடை இருந்த இடத்தில் வெள்ளைக்காரருக்கு ஐஸ்கிறீம் விற்றார்கள். வாடிவீட்டை இடித்து, நீச்சல் குளத்தோடு ஹொட்டேல் கட்டியிருந்தார்கள். அங்கே தயிர் மட்டும் இருந்தது, விளையாட்டுச் சாமான் அளவுச் சட்டிகளில். அண்ணா கம்பியோரம் நின்று கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, எழுந்து நின்று கூப்பிட்டேன்:

"அண்ணா! ஓடி வா, தயிர் வந்திட்டுது!"

அம்மாவின் குரல் என் தொண்டைக்குள் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. சுற்றியிருந்த ரஷ்யக்காரர்களோ, இந்தியக்காரர்களோ, கொழும்புக் குடும்பங்களோ ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கனேடியப் பாஸ்போர்ட்டும் நரைத்த தலையுமாக அண்ணா திரும்பினான். அவனுடைய விரல் உதட்டுக்குப் போயிற்று.

"ஷ்ஷ்."

விரல் அங்கேயே நின்றது. அவன் என்னைப் பார்த்தான். பிறகு வந்து உட்கார்ந்து, தயிரைத் தொடாமல், கோப்பியை ஆற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய சின்ன மகனுக்கு அது நல்ல விளையாட்டாகப் பட்டது. உதட்டில் விரலை வைத்து அக்காவைப் பார்த்து "ஷ்ஷ்" என்றான். பிறகு என்னைப் பார்த்தும் சொன்னான். விமான நிலையத்தில் விடைபெறும்போதும் அதையே சொல்லிச் சிரித்தான். அந்தப் பிள்ளை இங்கிருந்து கொண்டுபோன எங்கள் வீட்டுப் பேச்சு அவ்வளவுதான்.