செல்வராணியை உட்கார வைத்தார்கள்

செல்வராணிக்கு வேலை மாறிய அன்று மாசாயில் அவள் வீட்டு வரிசையே வந்து வாழ்த்திவிட்டுப் போனது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் ட்ரோலி தள்ளியவளுக்கு இனி ஏர்கான் அறையில் உட்கார்ந்த வேலை. பூதக்கண்ணாடி வழியாக ஒயர் முனைகளைப் பார்த்து நல்லதை ஒரு பக்கமும் கெட்டதை ஒரு பக்கமும் பிரித்துப் போட வேண்டும். சம்பளம் அதேதான். ஆனால் நாற்காலி இருக்கிறதே, நம் ஆட்களுக்கு அது போதும். ரப்பர் தோட்டத்தில் நின்றும் குனிந்தும் முதுகு போனவர்களின் பிள்ளைகள் நாம். உட்கார்ந்து சம்பாதிக்கிறவரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடாத குறைதான். மகன் சுகுமாறன் கேக் வாங்கி வந்து அம்மாவை வெட்டச் சொன்னான்.

அவளுக்குத்தான் கேக் இனிக்கவில்லை. ட்ரோலி வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஆபீஸ் மாற்றிப் போட்டால் போகத்தானே வேண்டும் என்று எடுத்துக்கொண்டாள். ஸ்டோரில் பெட்டிகளை ஏற்றி, ஆறு லைனுக்கும் கொண்டுபோய் இறக்கி, காலிப் பெட்டிகளோடு திரும்புவாள். போகிற வழியில் ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை, ஒரு கிண்டல். கணவர் ஐயாசாமி திடீரென்று இறந்தபோது கருமாதி முடிந்த மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. நடந்துகொண்டே இருந்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது என்று மகனிடம் சொன்னாள். அந்த ட்ரோலியைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருஷத்தைத் தாண்டினாள். சுகுமாறனுக்கு இது நன்றாகத் தெரியும்.

நாற்காலிக்கு வந்த மூன்றாம் மாதம் தூக்கம் போயிற்று. பிறகு பசி போயிற்று. மீன் கறிக்குப் புளி ஊற்ற மறந்தாள், அதைச் சொன்னால் கோபம்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தலை சீவாமல் சோஃபாவில் கிடப்பாள். டிவி அதன் பாட்டுக்கு ஓடும். ஒருநாள் பூதக்கண்ணாடிக்கு முன்னால் காரணமே இல்லாமல் அழுதாள். பக்கத்தில் இருந்தவள் கண்ணில் தூசி என்று நினைத்து டிஷ்யூ நீட்டினாள். இத்தனை பேர் ஆசைப்படும் வேலையில் உட்கார்ந்து அழுகிறோமே, நமக்குத்தான் கொழுப்பு என்று செல்வராணி தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசியில் அவளாகவே அரசாங்க கிளினிக்குக்குப் போனாள். அங்கே நர்ஸாக இருந்த மிஸி ஷர்மினி, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் ஒன்பது கேள்விகளைத் தமிழில் கேட்டுக் குறித்துக்கொண்டாள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தொழிற்சாலை பஸ், நாற்காலி, சோஃபா என்று விரல் விட்டு எண்ணினாள். பதினான்கு வந்தது. உட்கார்ந்திருப்பது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் நடந்து பழகிய உடம்பை அடக்கிப் போட்டால் மனசும் சேர்ந்து படுத்துக்கொள்வது உண்டு என்றார் டாக்டர். மாத்திரை எழுதிக் கொடுத்து, தினமும் நடக்கவும் சொன்னார்.

அன்று அவளுக்கு ஒரு தெம்பு வந்தது. அப்படியானால் தான் பைத்தியமில்லை, பழைய ட்ரோலியைக் கேட்டு வாங்கினால் போதும். மறுநாளே தொழிற்சாலை ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்த மலாய்க்காரப் பெண்மணி ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நீங்கள்தானே மாற்றம் கேட்டீர்கள் என்றார். முட்டி வலி, நடக்க முடியவில்லை, உட்கார்ந்த வேலை வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம். கீழே அவள் கையெழுத்து.

கையெழுத்து அவளுடையதுதான். தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் அவள். வீட்டுக்கு வரும் எல்லாத் தாளையும் மகன்தான் படிப்பான், அவன் விரல் வைத்த இடத்தில் இவள் எழுதுவாள். அந்தக் கடிதத்தை இன்சூரன்ஸ் என்று சொல்லித்தான் நீட்டியிருந்தான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அவள் முட்டி ஒருநாளும் வலித்ததில்லை.

ட்ரோலியும் திரும்பக் கிடைக்காது என்றார் அந்தப் பெண்மணி. போன மாதம் ஆளில்லாத வண்டி வந்துவிட்டது, தரையில் ஒட்டிய நாடாவைப் பிடித்துக்கொண்டு அது தானாகவே போகிறது.

அன்று சாயந்தரம் சுகுமாறன் முதலில் முட்டி வலியைத்தான் சாக்காக இழுத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததும் உண்மை வந்தது. அவனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீட்டார் வந்திருந்தபோது, அம்மா என்ன வேலை செய்கிறார் என்று அவனிடம் கேட்டிருக்கிறார்கள். ட்ரோலி தள்ளுகிறார் என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. குவாலிட்டி டிபார்ட்மெண்ட் என்று சொல்லிவிட்டு, சொன்னதை உண்மையாக்கக் கடிதம் எழுதி ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறான்.

"உங்க நல்லதுக்கும்தாம்மா செஞ்சேன். இந்த வயசுல எதுக்கு அலையணும்?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியாடா?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க லா."

அவனைக் கெட்டவன் என்று நான் எழுதமாட்டேன். சிங்கப்பூருக்குத் தினம் பாலம் தாண்டிப் போய் உழைக்கிற பிள்ளை, வீட்டுக் கடனைக் கட்டுகிறவன். ஆனால் வேண்டாம் என்பாள் என்று தெரிந்தேதான் செய்திருக்கிறான். அதை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது, பெற்றவளுக்கு எப்படி இருக்கும்? கணவர் செத்தபோதுகூட இப்படித் தனியாய்ப் போனதாகத் தோன்றவில்லை என்று செல்வராணி சொன்னாள். அவர் சொல்லாமல் போனார், இவன் பக்கத்தில் உட்கார்ந்து ஏமாற்றினான்.

மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவள் நடக்க ஆரம்பித்தாள். பஸ்ஸிலிருந்து பெரிய ரோட்டிலேயே இறங்கி, வீடு வரை நாற்பது நிமிஷம். சாப்பாட்டு நேரத்தில் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நாலு வட்டம். முதல் வாரம் ஒவ்வொரு அடியும் கோபத்தில்தான் விழுந்தது. ஐந்தாம் வாரம் தூக்கம் வந்தது. அதற்கடுத்த வாரம் மீன் கறி வைத்து இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டாள்.

அடுத்த முறை கிளினிக்குக்குச் சுகுமாறன் காரில் கூட்டிப் போனான். கூப்பிடாமலே உள்ளே வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஷர்மினி தூக்கம் எப்படி என்று கேட்டதும், அம்மா இப்போது ரொம்ப நன்றாக இருக்கிறார், பழைய மாதிரி ஆகிவிட்டார் என்று அவனே பதில் சொன்னான்.

செல்வராணி அவன் பக்கம் திரும்பாமலே, "நீ வெளியில இருய்யா," என்றாள். அவன் தயங்கினான். அவன் எழுந்து போய்க் கதவு சாத்தும் வரை காத்திருந்தாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி," என்றாள் ஷர்மினி.

"தூக்கம் வருது மிஸி. பசி எடுக்குது. நடந்தா எல்லாம் சரியாவுதுன்னு டாக்டர் சொன்னது நெசந்தான். பெத்த புள்ளையை மட்டும் நம்ப முடியல. அதுக்கு இன்னும் எவ்வளவு தூரம் நடக்கணும்?"