சாப்பாட்டுக் கடைக்காரிக்குப் பட்டுச் சேலை

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமாகி ஆரணிக்கு வந்தேன். பிறந்து வளர்ந்தது களம்பூரில். அப்பாவுக்கு அங்கே அரிசி ஆலையில் வேலை. புகுந்த வீட்டில் தறி இரண்டு இருந்தது. ஒன்றில் கணவர் நெய்தார், இன்னொன்றில் மாமியார். மூன்றே பேர் கொண்ட குடும்பம். சமைத்து முடித்துவிட்டு, தறி நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் பட்டு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பது என் வேலை.

நான் கொண்டுவந்த பெட்டியில் சேலைகளுக்கு அடியில் ஒரு நாவல் இருந்தது. வாரப் பத்திரிகையில் தொடராக வந்ததை என் சித்தி கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்தது. பள்ளிக்கூட நாளிலிருந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். ரயிலடியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு பெண்ணின் கதை. புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிப் போய்விடுகிறான். அவள் ஒரே நூல் சேலையைத் துவைத்துத் துவைத்துக் கட்டிக்கொண்டு, கடை வைத்துப் பிழைக்கிறாள். பல வருஷம் கழித்து அவன் அதே கடையில் சாப்பிட வந்து உட்காருகிறான். அவள் இலை போட்டுப் பரிமாறுகிறாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவன் கை கழுவிக்கொண்டு ரயிலேறிப் போகிறான். அவள் அடுத்த ஆளுக்கு இலை போடுகிறாள். அவ்வளவுதான் கதை. அந்தக் கடைசிப் பக்கம் முடிந்ததும் எனக்கு எழுந்திருக்க மனசு வராது.

அது கலர் படமாக வந்து, எங்கள் ஊர்த் தியேட்டரில் போட்டார்கள். அமாவாசையன்று தறி ஓடாது. மூன்று பேரும் மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். எனக்குக் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு படபடப்பு இல்லை.

கடையைக் காட்டினார்கள். ரயில் வந்து நின்றது. உள்ளேயிருந்து கதாநாயகி சாம்பார் வாளியோடு வந்தாள். அரக்குச் சிவப்பில் பட்டுச் சேலை! கரை பச்சை, முந்தானை முழுக்க ஜரிகை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் மாமியார் முன்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"டேய், கோர்வைடா அது!" என்றார் மகனிடம். கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற சேலையைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

"ஆமாம்மா. நம்ம ஊரு சரக்கு இல்ல. காஞ்சிபுரம்" என்றார் அவர்.

"கரைய இன்னா அழகா புடிச்சிகிறான் பாரு."

நான் பொறுக்காமல், "அத்தை, கதையில அவளுக்கு நூல் சேலைதான்" என்றேன்.

"சும்மா இரும்மா. சேலைய பாக்க உடு."

அதற்கப்புறம் எனக்குப் படம் பிடிக்கவே இல்லை. கதையில் வராத ஒரு நகைச்சுவைப் போலீஸ்காரர் வந்தார். கடையில் சாப்பிட வந்தவர்கள் எழுந்து ஆடினார்கள். கடைசியில் அந்த இடமும் வந்தது. அவன் சாப்பிட்டு எழுந்தான். அவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் காலில் விழுந்து கதறினாள். அவன் தூக்கி நிறுத்தினான். உடனே ஒரு பாட்டு. மாமியார் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கணவர் கைக்குட்டையை எடுத்தார். நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு நடக்கும்போது கணவர் கேட்டார்.

"நல்லாத்தானே எடுத்துகிறாங்க? நீ இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வெச்சிகினு வர்ற?"

"கதையையே கொன்னுட்டாங்க. அவ கால்ல உழவே மாட்டா."

"புருஷன் பொஞ்சாதிய சேத்து வெச்சாங்க. அதுல இன்னா தப்பு?" என்றார் மாமியார்.

"நீங்க ரெண்டு பேரும் அந்தக் கதைய படிச்சீங்களா?"

"தறில உக்காந்தா கையும் வேலையா இருக்கு, காலும் வேலையா இருக்கு. எங்க படிக்கிறது?" என்றார் கணவர்.

"அப்ப நான் படிக்கிறேன். நீங்க கேளுங்க. அதுக்கப்புறம் பேசுங்க."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவரே, "எடுத்துகினு வா உன் கதைய" என்றார். இரண்டு தறிக்கும் நடுவில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் வாசிக்க வேண்டும். சண்டை வருகிற இடங்களுக்கு அது சரியாக இருந்தது. அவள் தனியாக அழுகிற இடத்தை எப்படிக் கத்துவது? யார் தறியிலாவது இழை அறுந்து, முடிச்சுப் போட நிறுத்துகிற நேரத்துக்காகக் காத்திருந்து வாசித்தேன். பத்து நாள் போனதும் இழை அறுந்துபோகாமலே இரண்டு தறியும் நிற்க ஆரம்பித்தன.

தைத்த பக்கங்களில் விளம்பரங்களும் இருந்தன. ஒருநாள் என்னை அறியாமல் கூந்தல் தைல விளம்பரத்தையும் சேர்த்து வாசித்துவிட்டேன்.

"அந்த எண்ணெய யாரு வாங்கினது? அவளா?" என்று கேட்டார் மாமியார். சிரிப்பு அடங்கி அடுத்த வரிக்குப் போக வெகு நேரமாயிற்று.

கடைசிப் பக்கத்தை வாசித்து முடித்தேன். கணவர் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டார்.

"ஒரு வார்த்த கூட கேக்கலியா அவ?" என்றார்.

"கேக்கல."

"இன்னாத்துக்குக் கேக்கணும்?" என்றார் மாமியார். "அவனுக்கு சோறு போட்டதே அதிகம்."

சில மாதம் கழித்து அந்தப் படம் களம்பூர் டூரிங் கொட்டகைக்கு வந்தது. திருவிழாவுக்காக எல்லோரும் என் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். படத்துக்குப் போகலாம் என்று கிளப்பியது மாமியார்தான்.

"திரும்ப எதுக்கு அத்தை? பேஜாரு."

"அன்னிக்கு சேலையத்தான் பாத்தேன். இன்னிக்கு இன்னா பண்ணி வெச்சிகிறான்னு பாக்கணும். ஜல்தி கெளம்பு."

கொட்டகையில் பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். மணலைக் கூட்டி மேடாக்கி உட்கார்ந்தோம். கதாநாயகி சாம்பார் வாளியோடு வந்ததுமே மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"சோத்துக் கடையில இவ்ளோ சேலை கட்டுவாளா? ஒரு சொட்டு பட்டா போச்சே!"

போலீஸ்காரர் வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணவர் குரல் கேட்டது. "இவன் யார்ரா நடுவுல? கதையில இவனே கெடையாது!" யாரோ அவரை உட்காரச் சொல்லி அதட்டினார்கள்.

இந்தத் தடவை எனக்குக் கோபப்பட ஒன்றும் மிச்சமில்லை. எனக்கும் சேர்த்து அவர்களே கோபப்பட்டார்கள். அதனால் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து இலை முன்னால் உட்கார்ந்தான். அவள் குனிந்து சோறு போட்டாள். முகத்தைப் பார்த்தாள். கை ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. அப்புறம், மற்றவர்களுக்குப் போட்டதைவிட ஒரு பிடி கூடப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். புத்தகத்தில் அரைப் பக்கத்துக்கு வருவதை அந்த நடிகை ஒரு கையில் காட்டிவிட்டாள். தியேட்டரில் இதை எப்படித் தவறவிட்டேன்? கண் நிறைந்துவிட்டது.

துடைப்பதற்குள் அவன் சாப்பிட்டு எழுந்தான், அவள் வாளியைப் போட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள். மாமியார் மணலில் மண்டியிட்டு எழுந்து, கொட்டகை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"கால்ல உழாதடீ!"

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரித்தது. "உழுந்துட்டாளே!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. பாட்டு முழுவதும் சிரிப்பிலேயே போய்விட்டது.

வெளியே வந்ததும் நான், "அந்தப் பரிமாறுற எடம் நல்லா இருந்துச்சு" என்றேன். இரண்டு பேரும் நடுத்தெருவில் நின்றுவிட்டார்கள்.

"நீயா சொல்ற?" என்றார் கணவர். "மீதியெல்லாம் அநியாயம் பண்ணிட்டு, ஒரு எடம் நல்லா எடுத்தா ஆச்சா?"

"அந்த ஒண்ண எடுக்கறதே கஷ்டங்க."

"அவ கால்ல உழுந்துட்டா. அதோட முடிஞ்சுது" என்றார் மாமியார்.

நான் படத்தின் பக்கம், அவர்கள் இருவரும் புத்தகத்தின் பக்கம். அம்மா வீட்டு வாசல் வரை விடவில்லை. சத்தம் கேட்டு அம்மா பதறிப்போய், "இன்னா ஆச்சு, குடும்பத் தகராறா?" என்று ஓடி வந்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. எந்தக் கதை படமாக வந்தாலும் முதலில் தறிப் பக்கத்தில் வாசிப்பு, பிறகுதான் டிக்கெட். எண்பதுகளில் ஒருமுறை பெரிய நாவல் ஒன்று படமாகி ஊருக்கு வந்தது. நூலகத்திலிருந்து எடுத்து வந்து வாசித்தேன். பாதிகூடத் தாண்டாதபோது, இன்றே கடைசி என்று தியேட்டரில் தட்டி வைத்துவிட்டார்கள். கணவர் தவித்துப் போனார். மீதியை வந்து படித்துக்கொள்ளலாம், இன்றைக்குப் போய்விடலாம் என்று கெஞ்சினார்.

மாமியார் நாடாவை ஓட்டியபடியே சொன்னார். "படம் போனா போவுது. கதையில அந்தப் பொண்ணு ஆத்தங்கரையில நின்னுகினு இருக்கா. நீ படிம்மா."

நான் விட்ட இடத்திலிருந்து வாசித்தேன்.