சாப்பாட்டு வரிசையில் பாடிய கௌசி

உலகத்தில் இதுவரை பாடிய எல்லாரும் டூட்டிங் கௌசிக்காகத் தொண்டையைச் செருமி வைத்தவர்கள் மட்டுமே. அவள் குரலை உயர்த்தினால் அந்த ஊரின் நோர்தேர்ன் லைன் சுரங்க ரயிலே நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். நம்பாதவர்கள் அந்த ரயில் ஏன் எப்போதும் பிந்துகிறது என்று யோசித்துப் பார்க்கட்டும்.

கௌசிக்குப் பதினாறு வயது. அவளும் ரதியும் அஞ்சலீனாவும் சேர்ந்து ஆர் அண்ட் பி என்ற மேற்கத்தியப் பாட்டுப் பாடும் குழு வைத்திருந்தார்கள். வாத்தியம் கிடையாது, மூன்று குரலும் விரல் சொடுக்கும்தான். பயிற்சி சனிக்கிழமைகளில், கவுன்சில் வாடகைக்கு விடும் மாடிவீட்டுப் படிக்கட்டில், ஏனென்றால் அங்கே எதிரொலி இலவசம். "பூனைச் சண்டை" என்று அதற்குப் பட்டம் வைத்தவன் தமிழ்ப் பள்ளியில் கடைசி வாங்கில் இருக்கும் கீர்த்தனன். இதை எழுதுகிறவனும் அவன்தான்.

தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் இரண்டு வருடமாக அவர்களின் பாட்டைக் கடைசியில் போட்டு, பேச்சுகள் நீண்டதும் வெட்டிவிட்டார்கள். 2004இல் கௌசியின் அம்மா தவமலர் சொல்லிவிட்டாள்: "இந்தமுறையும் பாட விடாட்டி, விட்டிடு. சனிக்கிழமையில கணக்கு ரியூசன்."

கௌசி ஓம் என்றாள். வேறு வழியில்லை.

அந்த வருட விழாவிலும் பிரதம விருந்தினர் பேசினார். சிறப்பு விருந்தினர் பேசினார். நன்றியுரை சொன்னவர் எல்லாரையும் விட அதிகம் பேசினார். பிறகு செயலாளர் கணேசலிங்கம் மைக்கைப் பிடித்தார். "நேரமின்மையால் இறுதி நிகழ்ச்சி நீக்கப்படுகிறது. எல்லாரும் சாப்பிடலாம்."

கௌசி நேரே போய் அவர் முன்னால் நின்றாள். "அங்கிள், எங்கட பாட்டு மூண்டு நிமிசம்தான்."

"உந்த இங்கிலீசுப் பாட்டை ஆர் பிள்ளை கேக்கப் போகினம்? மைக்கும் கழட்டியாச்சு."

"மைக் உங்கட. குரல் எங்கட."

மண்டபத்தின் பின்பக்கம் சனம் தட்டோடு வரிசையில் நின்றது. மூடிகள் திறந்திருந்தன, புரியாணி ஆவி பறந்தது, ஆனால் வரிசை அசையவில்லை. பரிமாற ஒரு கரண்டிகூட இல்லை.

"இஞ்சயா பாடுறது? கோழிக் குழம்புக்கு முன்னாலயா?" ரதி கௌசியின் கையைப் பிடித்தாள்.

"ஓம். ஒருத்தரும் ஓடேலாது. இதைவிட நல்ல மேடை எங்க கிடைக்கும்?"

கௌசி கதிரையில் ஏறினாள். மூன்று பேரும் விரலைச் சொடுக்கினார்கள். முதல் வரியில் அவள் குரல் நடுங்கியது. இரண்டாவதில் மற்ற இருவரும் வந்து தாங்கிக்கொண்டார்கள்.

"நிப்பாட்டுங்கோ!" என்று கணேசலிங்கம் ஓடிவந்தார்.

"நீங்கள் முதல் கரண்டியைத் தேடுங்கோ, அண்ணை!" வரிசையில் யாரோ கத்த, சனம் சிரித்தது. பிறகு சிரிப்பு அடங்கி, பாட்டைக் கேட்டது. கௌசி கடைசிச் சுரத்தை விடாமல் பிடித்திருந்தபோது, தவமலரின் விரல் வெறும் தட்டில் தாளம் போட்டது.

கைதட்டல் ஓய்ந்ததும் அம்மா சொன்னாள்: "சரி. ரியூசன் ஞாயிற்றுக்கிழமை."

கரண்டிகள் ஒட்டிய குழம்போடு மேடைத் திரைக்குப் பின்னால் கிடைத்தன. கௌசி கீர்த்தனனிடம் வந்தாள்.

"சேட்டுக் கையில என்ன மஞ்சள்?"

"பெயின்ற்."

"கோழிக் குழம்பு மணக்குற பெயின்றோ? பாட்டு முழுக்க உன்ர வாயும் அசைஞ்சது. நாங்கள் எழுதின பாட்டு உனக்கு எப்பிடிப் பாடம்?"

அவன் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தான். அது ஏற்கெனவே கட்டியிருந்தது.

"கீழ்ப்படியில ஒளிஞ்சிருந்து கேக்கிறது ஆரெண்டு எங்களுக்கு எப்பவோ தெரியும்," என்றாள் கௌசி. "இனி மேல வந்து இரு."